கேட்டார்கள், ஆனால் கேட்கவில்லை

லண்டனில் விளக்குக் கம்பத்தடியில் நின்று நிதானிப்பவர்கள் நாய் வளர்ப்பவர்கள் மட்டும்தான். ஆனபடியால் அதில் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டித் தொங்கவிடப்படும் கவுன்சில் அறிவித்தலை முதலில் வாசிப்பவர்களும் அவர்கள்தான். பொடி எழுத்து. ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவருக்கே இரண்டாம் தரம் வாசித்தால்தான் பிடிபடும் ஆங்கிலம். இந்தத் தெருவும் பக்கத்து நான்கு தெருக்களும் கட்டுப்படுத்தப்பட்ட வாகனத் தரிப்பு வலயம் ஆகப்போகின்றன. குறித்த நேரங்களில் பெர்மிற் உள்ள வாகனங்கள் மட்டுமே நிற்கலாம். ஆட்சேபம் உள்ளவர்கள் 21 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவும். உறைக்குள் மழைத்தண்ணி இறங்கி மை கரைவதற்கிடையில் 21 நாளும் முடிந்துவிடும். பிறகு ஒரு விடியப்புறம் லொறி வந்து வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போகும். அன்றைக்குத்தான் எங்கட ஆக்கள் வாட்ஸப்பில் எழும்புவார்கள். “ஒருத்தரையும் கேக்காமல் கொள்ளாமல் போட்டிட்டாங்கள்.”

கேட்டார்கள் என்பதுதான் உண்மை. துண்டுப்பிரசுரம் போட்டார்கள், இணையத்தில் படிவம் வைத்தார்கள், நூலகத்தில் வரைபடம் மாட்டினார்கள். தமிழில் ‘கேள்’ என்ற சொல்லுக்கு வினவு என்றும் பொருள், செவிகொடு என்றும் பொருள். முதலாவதை இந்த நகரத்துக் கவுன்சில்கள் நன்றாகவே செய்கின்றன. செய்ததற்கான அத்தாட்சியைக் கோப்பில் போட்டும் வைக்கின்றன. இரண்டாவதைச் செய்யாமல் தப்புவதற்கு முதலாவது ஒரு வழியாகிவிட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு. கார் விடும் கோடு போன்ற சின்ன விசயத்தில் இந்தப் பழக்கம் ஊறிப்போனால், நூலகத்தை மூடும்போதும் குடியிருப்பை இடிக்கும்போதும் அதே படிவம்தான் வரும்.

*

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். தரிப்புக் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய கூச்சலுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது, “என்ர வீட்டுக்கு முன்னால இருக்கிற இடம் என்ர” என்ற நம்பிக்கை. அது பிழையான நம்பிக்கை. இங்கிலாந்தில் உங்கள் வாசலுக்கு முன்னால் உள்ள பொதுவீதியில் கார் விட உங்களுக்கென்று தனி உரிமை எதுவும் இல்லை. குப்பைத் தொட்டியையும் பழைய கதிரையையும் வீதியில் வைத்து இடம் பிடிப்பவர் பொதுக்காணியில்தான் வேலி போடுகிறார்.

பிரித்தானியாவின் முதலாவது தரிப்புக் கட்டண மீற்றர்கள் 1958 யூலையில் லண்டன் மேஃபெயாரில் வந்தன. அதற்கு முன் வீதி, முதலில் வந்தவனுக்கே சொந்தம். கார்கள் பெருகப் பெருக அந்த முறை நடக்காது என்பது தெளிவாகிவிட்டது. ஒரு கார் நிற்கப் பிடிக்கும் இடம் ஏறத்தாழ பத்துச் சதுர மீற்றர். அனுமதிபெற்ற பகிர்வு வீடுகளில் வளர்ந்த ஒருவர் படுத்துறங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீற்றர் இருக்க வேண்டும் என்று 2018இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. அதாவது, ஒரு தனியாளின் படுக்கையறைக்கு அரசு விதித்த குறைந்தபட்ச அளவைவிடப் பெரிய துண்டு நிலத்தை ஒவ்வொரு காருக்கும் தெருவில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2021 குடிசன மதிப்பீட்டின்படி லண்டன் வீடுகளில் ஏறத்தாழ 42 சதவீதத்தில் கார் இல்லை. அந்த வீட்டுக்காரர்களும் கவுன்சில் வரி கட்டுகிறார்கள். அந்த வீதி அவர்களுடையதும்தான்.

ஆகவே வீதியைப் பங்கிட வேண்டும், பங்கிடுவதற்கு விதி வேண்டும், விதியை மீறினால் தண்டம் வேண்டும். எனக்கு இதில் மாற்றுக்கருத்து இல்லை. பொதுநிலத்தைப் பங்கிடுகிற வேலை என்பதால்தான் அதை எப்படிக் கேட்டுச் செய்கிறார்கள் என்பது முக்கியமாகிறது. ஊரில் ஒரு ஒழுங்கையை அகட்டுவதென்றால், அந்த ஒழுங்கையில் வாசல் வைத்திருப்பவரைக் கேட்பார்கள். அதால் சைக்கிளில் போய்வரும் மீன்காரரும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார். லண்டன் கவுன்சிலின் வரைபடத்தில் மீன்காரர் இல்லை.

*

கவுன்சில் அனுப்பும் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும், அடிப்படை ஒன்றுதான். உங்களிடம் எத்தனை வாகனம்? உங்கள் தெருவில் தரிப்பிடப் பிரச்சினை இருக்கிறதா? வலயம் வருவதை ஆதரிக்கிறீர்களா? எந்த நாட்கள், எந்த நேரம்? பிறகு பல படிவங்களில் ஒரு கேள்வி வரும்: பக்கத்துத் தெருக்களில் வலயம் வந்தால் உங்கள் பதில் மாறுமா?

அந்தக் கடைசிக் கேள்விதான் முழுப் படிவத்திலும் நேர்மையானது. ஏனென்றால் நடக்கப்போவது அதற்குள் இருக்கிறது. ரயில் நிலையத்துக்குக் கிட்ட உள்ள தெருவில் வலயம் வந்தால், அங்கே நின்ற கார்கள் மறைந்துவிடாது. கோடு முடிகிற இடத்துக்கு அடுத்த தெருவில் போய் நிற்கும். நேற்றுவரை பிரச்சினை இல்லாதிருந்த அந்தத் தெருவில் இன்றைக்குப் பிரச்சினை. அடுத்த வருசம் அந்தத் தெருவுக்கும் படிவம் வரும். இந்த முறை ஆம் என்பார்கள். வேறு என்ன சொல்வது? அந்தத் தெருவும் வலயமானதும் கார்கள் இன்னும் ஒரு தெரு தள்ளிப் போகும். பத்து வருசத்தில் கிட்டத்தட்ட முழு வட்டாரமும் வலயமாகிவிடும். ஒவ்வொரு படியிலும் பெரும்பான்மை ஆதரவு என்று கோப்பில் இருக்கும். ஆனால் முழு வட்டாரத்தையும் வலயமாக்குவதா என்று ஒருவரும் ஒருவரையும் ஒருபோதும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முழு வட்டாரமும் வலயமாவது நல்ல முடிவாகவே இருக்கலாம். அப்படியென்றால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிக் கேட்டிருக்கலாமே? ஒவ்வொரு தெருவாக நெருக்கி, நெருக்குப்பட்டவனிடம் சம்மதம் வாங்குவதற்குச் சம்மதம் என்று பெயரில்லை. தண்ணியைத் திறந்து விட்டுவிட்டு வாளி வேணுமா என்று கேட்கிற கதை இது.

படிவம் கேட்காத கேள்விகளும் உண்டு. இந்தத் தெருவில் உங்களுக்கு என்ன குறை என்று திறந்த மனதோடு கேட்பதில்லை. கார் நிற்கிற இடத்தில் மரம் வேண்டுமா, வாங்கு வேண்டுமா, சைக்கிள் பூட்டும் இடம் வேண்டுமா என்று இந்தப் படிவத்தில் கேட்பது குறைவு. ‘தரிப்பிடம் பற்றிய கருத்துக்கேட்பு’ என்று தலைப்பில் போட்டதுமே கார் இல்லாத 42 சதவீதம் அந்தத் தாளைக் குப்பையில் போட்டுவிடும். தங்களுக்குச் சம்பந்தமில்லாத விசயம் என்று நினைப்பார்கள். பிறகு எஞ்சியிருப்பது கார்க்காரர்களுக்கிடையிலான சண்டை மட்டும். கேள்வியை எழுதும் கை எதுவோ அதுதான் பாதி முடிவையும் எழுதுகிறது.

வெம்பிளி நல்ல உதாரணம். 90,000 பேர் கொள்ளும் விளையாட்டரங்கம். சுற்றிவரத் தமிழ்க் குடும்பங்களும் குஜராத்திக் குடும்பங்களும் நெருக்கமாக வாழும் தெருக்கள். நிகழ்ச்சி நாட்களில் அந்தத் தெருக்களில் பெர்மிற் இல்லாத கார் நிற்க முடியாது. கட்டுப்பாடு நள்ளிரவுவரை நீளும். இது தேவையான கட்டுப்பாடு. இல்லாவிட்டால் அந்த நாட்களில் அங்கே இருக்கும் சனம் வீட்டுக்கே போகேலாது. ஆனால் கப் ஃபைனல் நாளில் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தால், கேக்குக்கு முன்னம் விருந்தாளிகளுக்குப் பெர்மிற் ஒழுங்குபண்ண வேண்டும். இங்கே உண்மையில் பெரிய கேள்வி, ஒரு வருசத்துக்கு எத்தனை பெரிய நிகழ்ச்சி என்பது. அது திட்ட அனுமதிக் குழுவின் மேசையில் தீர்மானமாகிறது. தெருக்காரருக்கு நினைவில் நிற்பது அதன் பிறகு வரும் சின்னக் கேள்வி: உங்களுக்கு எந்த வகைப் பெர்மிற்?

*

அடுத்தது, யாரைக் கேட்கிறார்கள் என்பது.

துண்டுப்பிரசுரம் வலயத்துக்குள் உள்ள வீடுகளுக்குப் போகும். ‘குடியிருப்பவருக்கு’ என்று மேலே எழுதியிருக்கும். சில கவுன்சில்கள் ஒரு வீட்டுக்கு ஒரு பதிலை மட்டும்தான் எண்ணும். இப்போது எங்கள் வீடுகளை யோசியுங்கள். கீழே அம்மம்மா, நடுவில் மகள் குடும்பம், மேலறையில் வாடகைக்கு இரண்டு பெடியள். ஒருவன் இரவு வேலை முடித்து வானோடு வருபவன். இந்த வீட்டுக்கு ஒரு குரல். அந்தக் குரல் யாருடையது? ஆங்கிலம் தெரிந்த, கடிதம் பிரிக்கிற, வீட்டுக்குச் சொந்தக்காரரான ஒருவருடையது. லண்டனில் ஏறத்தாழ 30 சதவீதமான வீடுகள் தனியாரிடம் வாடகைக்கு எடுத்தவை. ஆறு மாதத்தில் எங்கே இருப்போம் என்று தெரியாதவர் அடுத்த வருசத்துக் கோடு பற்றி எழுதுவாரா?

தெருவில் குடியில்லாமல் தெருவில் உழைப்பவர்கள் இன்னொரு பக்கம். முதியவர்களை வீட்டில் வந்து கழுவித் துடைத்து, மருந்து கொடுத்து, சாப்பாடு தீத்திவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிற பராமரிப்புத் தொழிலாளர்களைச் சொல்கிறேன். 2022இல் அந்த வேலைக்கு விசா திறந்தபிறகு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த இளம் ஆட்களும் அவர்களில் இருக்கிறார்கள். உங்கள் வாசகர் வட்டத்திலேயே ஒருவர் இருக்கலாம். ஒரு வீட்டில் 15 நிமிடம், அடுத்ததில் அரை மணித்தியாலம். வீட்டுக்கு வீடு ஓடுகிற நேரத்துக்குச் சம்பளம் கிடைக்காதவர்களும் உண்டு. அந்த ஓட்டத்தில் கார் விட இடம் தேடுகிற நிமிடம் அவர்களுடைய சொந்த நிமிடம். பெர்மிற் இல்லாமல் விட்டால் தண்டம். 2025 ஏப்ரலிலிருந்து லண்டன் கவுன்சில் வீதிகளில் தண்டம் அதிகபட்சம் 160 பவுண். 14 நாளுக்குள் கட்டினால் பாதி. அந்தப் பாதியே அவர்களுக்கு ஒரு நாள் உழைப்பு.

பராமரிப்பாளருக்கு என்று தனிப் பெர்மிற் பல கவுன்சில்களில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க, பராமரிப்புத் தேவைப்படுகிற முதியவர் அத்தாட்சி காட்ட வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், பல இடங்களில் இணையத்தில் கணக்குத் திறக்க வேண்டும். படுக்கையில் இருக்கிற எண்பது வயது மனுசி இதைச் செய்வார் என்று எதிர்பார்த்து ஒரு முறையை வடிவமைத்திருக்கிறார்கள். கோடு போட முன்னர் ஒரு பராமரிப்பாளரையாவது கூப்பிட்டு இருத்திக் கேட்டிருந்தால் இந்த ஓட்டை முதல் நாளே தெரிந்திருக்கும்.

இதில் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. இந்தப் போக்குவரத்து ஆணைகளுக்கான நடைமுறை விதிகள் 1996இல் வந்தவை. ஆட்சேபம் தெரிவிப்பது யார் என்பதில் அந்த விதிகள் தாராளமானவை. எவரும் ஆட்சேபிக்கலாம். குடியிருப்பவர் என்றோ கார் வைத்திருப்பவர் என்றோ அதில் நிபந்தனை இல்லை. வந்து போகிற தாதி, கடையில் வேலை செய்கிற பெடியன், கோயிலுக்கு வருகிற பெரியவர், எல்லாருக்கும் எழுத உரிமை உண்டு. சட்டம் ‘எவரும்’ என்கிறது. துண்டுப்பிரசுரமோ ‘குடியிருப்பவருக்கு’ என்கிறது. சட்டம் திறந்துவிட்ட கதவை நிர்வாகம் அரைவாசிக்குச் சாத்தி வைத்திருக்கிறது. உள்ளூர்ப் பத்திரிகையிலும் அறிவித்தல் போட்டோம் என்பார்கள். போடத்தான் வேண்டும், அதுவும் விதி. அந்தப் பத்திரிகையை நீங்கள் கடைசியாக எப்போது கையில் எடுத்தீர்கள்?

*

கேட்பதென்றால் என்ன என்று இங்கிலாந்துச் சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. 1985இல், இதே வெம்பிளி இருக்கிற பிரென்ட் கவுன்சிலுக்கு எதிராகப் பெற்றோர் ஒரு வழக்குப் போட்டார்கள். பாடசாலைகளை மூடுவதும் இணைப்பதும் பற்றிய வழக்கு. அதில் ஏற்கப்பட்ட நான்கு விதிகள் இன்றைக்கும் கருத்துக்கேட்புக்கு அளவுகோலாக நிற்கின்றன. திட்டம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையிலேயே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லப் போதுமான அளவுக்குக் காரணங்களைச் சொல்ல வேண்டும். போதிய அவகாசம் கொடுக்க வேண்டும். கிடைத்த பதில்களை மனச்சாட்சியோடு கவனத்தில் எடுக்க வேண்டும். சட்டம் கேள் என்று கட்டாயப்படுத்தாத விசயத்திலும், கேட்கத் தொடங்கிவிட்டால் ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு.

2014இல் உச்சநீதிமன்றம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. ஹரிங்கே கவுன்சில், வறிய வீடுகளுக்கான கவுன்சில் வரிச் சலுகையைக் குறைப்பது பற்றிக் கருத்துக் கேட்டது. வேறு வழிகளும் இருந்தன: வரியைக் கூட்டலாம், சேமிப்பிலிருந்து எடுக்கலாம். அவற்றைக் கவுன்சில் ஏன் தள்ளிவைத்தது என்பது மக்களுக்குச் சொல்லப்படவில்லை. வேறு வழியே இல்லை என்பதுபோல் கேட்டது நியாயமற்றது என்று தீர்ப்பு வந்தது. இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு தரிப்பிடப் படிவத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். அதில் மாற்று வழி ஏதாவது கண்ணில் படுகிறதா?

தரிப்பிடம் பற்றியே நேரடியான வழக்கும் உண்டு. பார்னெட் கவுன்சில் 2011இல் குடியிருப்பாளர் பெர்மிற்றை 40 பவுணிலிருந்து 100 பவுணுக்கும், விருந்தாளிச் சீட்டை ஒரு பவுணிலிருந்து நான்கு பவுணுக்கும் ஏற்றியது. தெருக்காரர் ஒருவர் அயலாரோடு சேர்ந்து வழக்குக்குப் போனார். 2013இல் உயர்நீதிமன்றம் அந்த உயர்வு சட்டவிரோதம் என்றது. 1984ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தக் கொடுத்த அதிகாரம். வேறு செலவுகளுக்கு வருமானம் திரட்ட அதைப் பாவிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். மிஞ்சுகிற காசை எதில் செலவழிக்கலாம் என்பதையும் அதே சட்டம் வரையறுக்கிறது: தரிப்பிட வசதி, பொதுப் போக்குவரத்து, வீதி மேம்பாடு போன்றவை. முதியவர்களின் இலவசப் பயண அட்டைக்கும் பல கவுன்சில்கள் இந்தக் காசிலிருந்து கொடுக்கின்றன. ஆகவே “எல்லாம் கொள்ளைக் காசு” என்ற தேநீர்க்கடைக் கதையும் முழு உண்மை இல்லை.

2025 மே மாதம் லாம்பெத் கவுன்சில் ஒரு வழக்கில் தோற்றது. அது தரிப்பிடம் பற்றியதல்ல. மேற்கு டல்லிச்சில் வாகனங்களைச் சில தெருக்களுக்குள் விடாமல் மறிக்கும் திட்டம். தெருக்காரர் அமைப்பொன்று 53 பக்க அறிக்கை தயாரித்துக் கொடுத்திருந்தது. முடிவெடுக்கும்போது கவுன்சில் அதைக் கவனத்தில் எடுக்கவில்லை. அதனால் திட்டம் சட்டவிரோதம் என்று உயர்நீதிமன்றம் சொன்னது. அப்படியான திட்டங்கள் பொதுவாக நல்லவை என்று நினைப்பவன் நான். அதனால்தான் அந்தத் தோல்வி எனக்கு உறைத்தது. 53 பக்கத்தை வாசித்து, இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று எழுதியிருந்தால் வழக்கு அந்தக் காரணத்தால் விழுந்திருக்காது. நல்ல திட்டத்துக்கும் கேட்காத காது கேடுதான்.

*

கவுன்சில் பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். “எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு கோடும் போடேலாது. எதிர்க்கிறவன்தான் எப்பவும் சத்தம் போடுவான். காசும் இல்லை, ஆளும் இல்லை.” மூன்றும் உண்மை. மத்திய அரசு கவுன்சில்களின் கழுத்தைப் பிடித்து நெரித்தது உண்மை. கார்க்காரரின் சத்தம் நடந்து போகிறவரின் மௌனத்தைவிடப் பெரிது என்பதும் உண்மை.

ஆனால் நான் வாக்கெடுப்புக் கேட்கவில்லை. கருத்துக்கேட்பு வீட்டோ அதிகாரமும் இல்லை. எந்த நீதிமன்றமும் அப்படிச் சொன்னதில்லை. நூறில் எழுபது பேர் எதிர்த்தாலும், சரியான காரணம் இருந்தால் கவுன்சில் முன்னே போகலாம். காரணத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இப்போது நடப்பது வேறு. முடிவு சாதகமாக வந்தால் “பெரும்பான்மை ஆதரித்தது” என்கிறார்கள். பாதகமாக வந்தால் “இது வாக்கெடுப்பு அல்ல” என்கிறார்கள். ஒரே கவுன்சில், ஒரே வருசத்தில், இரண்டு தெருக்களுக்கு இரண்டையும் சொல்லலாம். பூ விழுந்தால் எனக்கு, தலை விழுந்தால் உனக்கில்லை.

முடிவு எடுப்பவர் யார் என்பதும் தெளிவில்லை. 2000ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்துக்குப் பிறகு, பெரும்பாலான லண்டன் கவுன்சில்களில் இப்படியான முடிவுகள் அமைச்சரவை மாதிரியான சிறு குழுவிடம் போயின. பல நேரம் அதில் ஒரு உறுப்பினர், அல்லது அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டால் போதும். நீங்கள் வாக்குப் போட்ட உங்கள் வட்டாரக் கவுன்சிலருக்கு அதில் வாக்கு இல்லாமல் இருக்கலாம். அவரும் உங்களைப் போலவே மின்னஞ்சல் எழுதிக் கேட்கிற ஆள்தான். தேர்தல் நேரத்தில் கோயில் வாசலில் கைகூப்பி நின்றவரிடம் “ஏன் போட்டனீங்கள்” என்று கேட்டால், “அது என்ர கையில இல்லை, அக்கா” என்பார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கவலை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. வரைபடம் கீறுவதற்கு முன் ஒருமுறை தெருவுக்கு வந்து, என்ன குறை, எந்த நேரத்தில், யாருக்கு என்று கேட்கலாம். பதில் தந்தவர்களில் எத்தனை பேர் வாடகைக்காரர், எத்தனை பேர் கார் இல்லாதவர், எத்தனை பேர் அந்தத் தெருவில் வேலைசெய்பவர் என்று எண்ணி வெளியிடலாம். அந்தத் தெருவின் மொழிகளில் ஒரு பக்கச் சுருக்கம் கொடுக்கலாம்; கிழக்கு ஹாமிலும் ஹரோவிலும் அது தமிழிலும் இருக்கும். முக்கியமாக, வந்த ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே, இதனால் இதை மாற்றினோம், அல்லது இன்ன காரணத்தால் மாற்றவில்லை என்று ஒரு வரி எழுதலாம். ஒரு வருசத்துக்குப் பிறகு திரும்ப வந்து பார்க்கலாம். பரீட்சார்த்த ஆணை என்று ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது: அதிகபட்சம் 18 மாதம் நடத்திப் பார்த்து, முதல் ஆறு மாதம் ஆட்சேபம் வாங்கி, பிறகு நிரந்தரமாக்குவதா என்று முடிவெடுக்கலாம். அதை நேர்மையாகப் பாவித்தால் கோடு போட்டபிறகும் கேட்க முடியும்.

*

இனி எங்கள் பக்கம்.

யாழ்ப்பாணத்தில் கதியாலை அரையடி தள்ளி நட்டுவிட்டான் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய சனம் நாங்கள். வேலிச் சண்டையில் பேச்சுவார்த்தை அறுந்த சகோதரங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தச் சனம் லண்டனுக்கு வந்து, வாசலுக்கு முன்னால் அரசாங்கம் கோடு போடும்போது ஒரு வரி எழுதுவதில்லை. ஏன்? சொந்தக் காணி என்றால் உயிர், பொதுக்காணி என்றால் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற பழக்கம் ஒன்று. அரசாங்கத்திடம் இருந்து வரும் கடிதம் நல்லதுக்கு வராது என்ற பயம் இன்னொன்று. அந்தப் பயத்துக்கு எங்களிடம் காரணம் இருக்கிறது. பதிவும் அனுமதியும் கேட்டு வாழ்ந்த காலத்தின் பயம் அது. ஆனால் கவுன்சிலின் கடிதத்துக்குப் பதில் எழுதினால் ஒருவரும் வீடு தேடி வரப்போவதில்லை. எழுதாவிட்டால்தான் எங்கள் வீடு அவர்களின் கணக்கில் இல்லாமல் போகிறது.

இந்த இதழை வாசிக்கிற நண்பர்களுக்கும் ஒன்று. புலம்பெயர் எழுத்தில் பனி கொட்டுகிறது, குளிர் வாட்டுகிறது, ரயிலில் தனிமை உட்கார்ந்திருக்கிறது. கவுன்சில் வருவது குறைவு. நிலம், நிலமிழப்பு என்று எவ்வளவோ எழுதுகிறோம். காலடியில் இருக்கிற பத்துச் சதுர மீற்றரை யார், எப்படி, யாருக்குப் பங்கிடுகிறார்கள் என்பதும் நிலம் பற்றிய கேள்விதான். அதில் அதிகாரம் இருக்கிறது, மொழி இருக்கிறது, விலக்கி வைக்கப்பட்டவர் இருக்கிறார். பெரிய அநியாயங்களைப் பற்றி எழுதுவதற்கு நடுவில் இந்தச் சில்லறை அநியாயத்துக்கும் ஒரு மாலைநேரம் ஒதுக்கலாம். ஆங்கிலம் உங்களுக்குச் சரளம். உங்கள் அம்மாவுக்கும் மேலறைப் பெடியனுக்கும் அப்படி இல்லை.

எழுதுவது கடினமில்லை. விளக்குக் கம்பத்தில் உள்ள தாளை ஒரு படம் எடுங்கள். அதில் ஆணையின் பெயரும் இலக்கமும், எழுத வேண்டிய முகவரியும், கடைசித் திகதியும் இருக்கும். ஆட்சேபம் எழுத்தில் இருக்க வேண்டும், காரணம் சொல்லியிருக்க வேண்டும். “எனக்குப் பிடிக்கேல்ல” என்பது காரணமாகாது. “காலையில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் எங்கள் அம்மாவைப் பார்க்க வரும் பராமரிப்பாளருக்கு இந்தத் திட்டத்தில் இடம் இல்லை, அந்த நேரத்தை விலக்குங்கள்” என்பது காரணம். “நான் இந்தத் திட்டத்தை ஆதரிக்கிறேன், ஆனால் கோடு முடிகிற அடுத்த தெருவையும் இப்போதே சேர்த்துக் கேளுங்கள்” என்பதும் காரணம்தான். ஆணையை இறுதியாக்குவதற்கு முன் முறைப்படி வந்த ஒவ்வொரு ஆட்சேபத்தையும் கவுன்சில் பரிசீலிக்க வேண்டும் என்பது விதி. பரிசீலித்தார்களா என்று திருப்பிக் கேளுங்கள். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஆணை வந்தபிறகு ஆறு கிழமைக்குள்தான் உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்குக் காசு வேண்டும், ஆள் வேண்டும். 21 நாளுக்குள் எழுதுவதற்கு வேண்டியது ஒரு பேனையும் அரை மணித்தியாலமும்.

‘கேள்’ என்பதற்கு மூன்றாவது பொருள் ஒன்றும் எங்களிடம் உண்டு. ஊரில் அநியாயம் நடந்தால் “கேக்கிறதுக்கு ஆளில்லை” என்போம். கவுன்சில்கள் வினவப் பழகிவிட்டன, செவிகொடுக்க இன்னும் பழகவில்லை. அதைப் பழக்கவேண்டிய வேலை தெருவில் இருப்பவர்களுடையது. உங்கள் தெருவில் இப்போதைக்குக் கம்பத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு தெரு தள்ளிப் போய்ப் பாருங்கள். அங்கே தாள் தொங்கினால், அடுத்தது உங்களுடையது.